எகிறிய கோடு

“அவளைப் பார்த்தா அப்படி என்னங்க உங்க நெஞ்சு குதிக்குது?”

கேட்டுவிட்டு மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். கட்டிலில் படுத்திருந்த கணவர் திருதிருவென்று விழித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குப் பாதிப் பேச்சுதான் திரும்பியிருந்தது. அவள் போட்ட சத்தத்தில் அந்தப் பாதியும் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

“எ... எவளை?”

“ஒண்ணுமே தெரியாது பாருங்க உங்களுக்கு! அந்த பிசியோ பொண்ணைத்தான்.”

அந்த மறுவாழ்வு மையத்தில் நோயாளியின் உடம்பில் எதையும் ஒட்டுவதில்லை. கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. தொடாமலே மூச்சையும் இதயத்துடிப்பையும் பார்த்து, நர்ஸ் மேசையில் இருக்கும் திரைக்கு அனுப்பிவிடும்.

வெந்நீர் பிடிக்கப் போன மனைவி அந்தத் திரையை எட்டிப் பார்த்ததில்தான் வினை ஆரம்பித்தது. நாளெல்லாம் சாதுவாக ஓடுகிற கோடு, காலையில் பிசியோ பெண் வரும் வேளையில் மட்டும் எகிறியிருந்தது. நேற்றும் அப்படி, முந்தாநாளும் அப்படி.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் தன்னைப் பார்த்து ஒருமுறையாவது இப்படித் துடித்திருப்பாரா? அந்தப் பெண்ணோ “வாங்க ஹீரோ!” என்று சிரித்துக்கொண்டே வருவாள். இவர் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டுத் தூக்கி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, பயிற்சிக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவாள். துணைக்கு வந்தவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. இவள் கட்டிலில் உட்கார்ந்து, வராண்டாவில் கேட்கும் சிரிப்புச் சத்தத்துக்குப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

“அந்தப் பொண்ணாலதான்... நேத்து எழுந்து நின்னேன்,” என்றார் கணவர் தட்டுத் தடுமாறி. “காலை முறுக்கினா உயிர் போகுது. அந்த பயமா இருக்கும்.”

“பயந்தவரு இப்படித்தான் பல்லைக் காட்டுவாரா?”

அவள் விறுவிறுவென்று நர்ஸிடம் போனாள்.

“இனிமே அந்தப் பொண்ணு எங்க ரூமுக்கு வரக் கூடாது. ஆளை மாத்துங்க. இல்லைன்னா இப்பவே இவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

நர்ஸ் பதறிப்போனாள். “என்னக்கா சொல்றீங்க? மாத்தறதுக்கு வேற ஆள் இல்லை. இப்பதான் அவருக்குக் கால்ல பலம் வருது. பாதியில விட்டா அப்புறம் நடக்கவே முடியாது.”

“முடியலைன்னா போகட்டும். என்கிட்டயே கிடக்கட்டும்.” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. “நான் ஒண்ணும் கற்பனை பண்ணலை. பெட்டியே காட்டிக் குடுத்துடுச்சு. அவ வந்தா மட்டும் எப்படி எகிறுதுன்னு நீங்களே பாருங்க.”

நர்ஸ் திரையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். முதலில் நெற்றியைச் சுருக்கினாள். பிறகு ஏனோ உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“அக்கா, பெட்டிக்கு ஆள் யாருன்னு தெரியாது. கட்டில்ல யார் இருக்காங்களோ அவங்க துடிப்பைக் காட்டும்.”

“அதைத்தானே நானும் சொல்றேன்!”

“அந்த நேரத்துல அவர் பயிற்சிக் கூடத்துல இருப்பாரு,” என்றாள் நர்ஸ். “கட்டில்ல உட்கார்ந்திருந்தது நீங்கதான்க்கா.”