மறு ஆய்வு

கொடியிலிருந்து ஒரு சொட்டு அவன் கோப்பின்மேல் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தான். நீலப் பள்ளிச் சீருடை. பாவாடையின் ஓரத்தில் அடுத்த சொட்டு தயாராகிக்கொண்டிருந்தது.

போன முறை இந்தக் கொடியில் தொங்கிய துணியெல்லாம் காய்ந்திருந்தது. மடிப்புகூடக் கலையவில்லை. வீட்டில் ஆள் இருப்பதாகக் காட்டத் தொங்கவிட்ட துணி. பார்த்தும் பார்க்காதவன்போல நகர்ந்திருந்தான். நகராட்சியில் நகரமைப்பு ஆய்வாளனுக்கு முக்கியத் தகுதி கண்பார்வை. எப்போது மங்க வேண்டும் என்று தெரிந்த கண்பார்வை.

இன்று துணி ஈரம்.

"உள்ள வாங்க சார்," என்றான் பூபதி. கட்டட நிறுவனத்தின் மேற்பார்வையாளன். "இன்னிக்கு ஒரு கையெழுத்தப் போட்டுட்டீங்கன்னா உங்களுக்கும் அலைச்சல் இல்லீங்க, எங்களுக்கும் இல்லீங்க."

சட்டம் எளிமையானது. இவ்வளவு பெரிய மனைப்பிரிவு போட்டால், அதில் ஒரு பங்கு ஏழைகளுக்கு வீடாக வேண்டும். ஆகிறதா என்று நகராட்சி பார்க்க வேண்டும்.

நகராட்சி என்றால் இந்த நிமிடத்தில் அவன்தான். தொப்பையும் தேய்ந்த செருப்புமாக ஒரு மாநிலச் சட்டம் வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

வில்லாக்களுக்குப் பின்னால், கழிவுநீர்த் தொட்டியை ஒட்டி, வரிசையாக எட்டு வீடுகள். ஏழு பூட்டியிருந்தன. எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்களாம். ஏழு குடும்பமும் ஒன்றாகக் கடைக்குப் போய் ஒரே மாதிரிப் பூட்டு வாங்கியிருந்தன. நல்ல ஒற்றுமை.

எட்டாவதில் மயிலாத்தா.

இதே இடத்தில் சித்தாள் வேலை பார்க்கிறவள். முதல் ஆய்வன்று தகரக் கொட்டகையிலிருந்து கூட்டிவந்து, புதுச்சேலை கட்டவைத்து, பயனாளி என்று நிறுத்தினார்கள். அன்றைக்கு அடுப்பில் ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. அப்புறம், அதிகாரிகள் சொல்லாமல் வந்துவிடுவார்களோ என்ற பயத்தில், மகளோடு அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். சுவரில் ஆணி மட்டும் அடிக்கக் கூடாது.

கையெழுத்தானதும் அவள் கொட்டகைக்குத் திரும்புவாள். எட்டு வீடும் சேர்ந்து வில்லாக்காரர்களின் உடற்பயிற்சிக்கூடம் ஆகும். பூபதிக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். மதிற்சுவரில் அதற்கான வழியை ஏற்கெனவே உடைத்தாயிற்று.

உண்மையை எழுதலாம்.

முன்பு வேறோரிடத்தில் எழுதியும் இருக்கிறான். அந்தக் கோப்பு மேலே போனது. இன்னொருவர் கையெழுத்தோடு இறங்கி வந்தது. அவன் ஒரு வருடம் தெருநாய்க் கணக்கெடுப்பில் இருந்தான். நாய்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டன.

உள்ளே போனான்.

அடுப்புக்குப் பின்னால் சுவரில் தாளித்த எண்ணெய் மஞ்சளாகத் தெறித்திருந்தது. ஜன்னல் கட்டையில் சின்னதாக ஒரு பல் துலக்கும் பிரஷ். நாள்காட்டி ஒன்று தரையில், சுவரோடு சாய்ந்து நின்றது. தேதி சரியாக இருந்தது. தினமும் குனிந்து கிழித்திருக்கிறாள்.

மயிலாத்தா டீ கொண்டுவந்தாள். முதல் முறை அவள் நீட்டியது கடையில் வாங்கி ஆறிப்போன டீ. இது கொதித்தது. இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள்.

பூபதி அவன் காதோரம் குனிந்து சிரித்தான். "அக்காளப் பாருங்க சார். நெசமாலுமே குடியிருக்கற மாதிரியே இருக்குதுங்க."

அவளுக்கும் கேட்டிருக்கும்.

"இன்னிக்கோட முடிஞ்சுருமுங்களா சார்?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

அவன் பேனா மூடியைக் கழற்றினான். மறுபடி மாட்டினான்.

அவன் இருப்பதும் வாடகை வீடு. ஏழை என்று விண்ணப்பிக்கச் சம்பளம் அதிகம். வீடு வாங்கக் குறைவு. ஒவ்வொரு முறை காலி செய்யும்போதும், எந்த ஆணியைப் பிடுங்கி எடுத்துப்போவது என்று அவனுக்கும் மனைவிக்கும் சண்டை வரும்.

டீயை முழுக்கக் குடித்துவிட்டு வீட்டின் பின்புறம் போனான். பூபதி பின்னாலேயே வந்தான். அவனிடம் மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தான்.

மணல் இருந்தது. ஜல்லி இருந்தது. கூழாங்கல் இருந்தது. அந்த வளாகத்திலேயே ஒழுங்காகக் கட்டியது அது ஒன்றுதான் போலிருக்கிறது.

"கூழாங்கல் பத்தலையே," என்றான்.

"நெறையா இருக்குதுங்களே சார்."

"பத்தல."

பூபதி குழிக்குள் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "சார் வேற ஏதாச்சும் எதிர்பாக்கறீங்களா?"

"கூழாங்கல்லுதான் எதிர்பாக்கறேன்."

"சாயங்காலமே கொட்டிர்றனுங்க. நாளைக்கு வந்து பாத்துருங்க."

"நாளைக்கு எங்க வர? வரி வசூல் நடக்குது. அது முடிஞ்சா டெங்கு வேலை. அப்புறம் எலெக்ஷனே வந்துரும்."

ஊரே திட்டுகிற தாமதம். அவன் அலுவலகத்தில் எல்லாருக்கும் அது தானாகவே வரும். முதல் முறையாக அதைக் கவனமாகச் செய்தான்.

கோப்பில் சொட்டு விழுந்த இடத்தில் மை கொஞ்சம் பரவியது. 'மறு ஆய்வு தேவை.' தேதி எழுதும் இடத்தை விட்டுவிட்டான்.

மயிலாத்தா வாசலில் நின்றிருந்தாள்.

"மறுபடி வரோணும்மா," என்றான். "நாளாகும்."

அவள் தலையை ஆட்டினாள். உள்ளே போனாள்.

வண்டி, வழக்கம்போல, முதல் உதையில் கிளம்பவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம். இரும்பின்மேல் கல். ஒரே அடி. நின்றுவிட்டது.

பூபதி திரும்பிப் பார்த்தான். "என்னங்க சார் அது?"

"எது?" என்றபடி அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

இரண்டாவது அடி விழுந்தது. அடுத்தது, கொஞ்சம் பலமாக.