கல் காளையின் விலாவில் ஒரு பெயர்

ஸ்பெயின் நாட்டு மேய்ச்சல் வெளியொன்றில் ஒரு கல் காளை நின்றது. மந்தைக்குக் காவலாக மாடு மேய்ப்பவர்கள் செதுக்கி வைத்த காளை. பல தலைமுறை கழித்து வந்த ரோமானியத் தளபதி ஒருவன், அதன் விலாவில் தன் அப்பன் பெயரை வெட்டிவிட்டுப் போனான்.

"காளையைச் செய்வித்தவர் இவர்தான்," என்று அந்தப் பெயரைக் காட்டிச் சுற்றுலாக் கூட்டத்திடம் சொன்னார் வழிகாட்டி.

காளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய்! இந்தப் பெயரை வெட்டினவன் வந்தபோதே எனக்கு முந்நூறு வயசு!"

"கத்தாதீங்க அண்ணே," என்றது முதுகில் உட்கார்ந்திருந்த நாரை. "உங்களைச் செதுக்கினவரும் பெயர் எழுதியிருக்கலாமே?"

"அவனுக்கு எழுதத் தெரியாது. மாடு செய்யத்தான் தெரியும்!"

கூட்டம் நகர்ந்தது. வழிகாட்டி மட்டும் பின்தங்கி, சாவியை எடுத்து, பழைய பெயருக்குக் கீழே தன் பெயரைக் கீறினார்.

முட்டித் தள்ளும் ஆத்திரம் காளைக்கு இருந்தது. கொம்புகளைத்தான் எப்போதோ மழை தின்றுவிட்டிருந்தது.