எரியாத கப்பல்

வாஸ்கோ ட காமா ஹஜ் பயணிகளின் கப்பலை எரித்த காட்சி அருங்காட்சியகத்தின் ஒளிக்கூடத்தில் தினமும் ஒளியுருவங்களாக உயிர்பெறும். தீயின் நடுவே ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கிக் காட்டிக் கெஞ்சுவாள். அந்தப் பதிவுக்காகத் தாயாக நடித்தவள் மஹ்மூதா. குழந்தை அவளுடைய மகன் இர்ஃபான். நடித்த மறுமாதமே அவன் காய்ச்சலில் இறந்துபோனான். அவனைப் பார்க்கத்தான் அவள் தினமும் அங்கே வருவாள்.

இன்று கப்பல் எரியவில்லை. அவளுடைய உருவம் காமாவுக்குப் பூங்கொத்தை நீட்டிச் சிரித்தது.

"புகார் வந்துச்சுக்கா," என்றான் காவலாளி துரைசிங்கம். "யாருக்காச்சும் மனசு புண்பட்டா, கூடம் தானாவே சரித்திரத்தை மாத்திக்கும்."

"நெருப்பு வேணாம்னா எடுத்துக்கட்டும். எம் புள்ள எங்க?"

"கப்பல் எரியலைன்னா புள்ளைய எதுக்குத் தூக்கிக் காட்டணும்னு எடுத்துடுச்சு. பழைய காட்சிய அது வச்சுக்கறதில்லக்கா."

மஹ்மூதா மேடையேறி, அந்தப் பூக்களுக்குள் இரண்டு கைகளையும் விட்டுத் துழாவினாள். வெறும் ஒளிதான் விரல்களில் வழிந்தது.