நான்கு அங்குலம்

மதிய வெயிலில், மலைப்பாதையில் கவிழ்ந்து, வீட்டு வாசலுக்கு இழுத்துவரப்பட்ட பழைய பிக்கப் வண்டியின் அடியில் தஸ்தகீர் மல்லாந்து கிடக்கிறார். வண்டியை ஓட்டிப்போய் இறந்த மகன் அதீபுக்கு நேற்றுதான் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்தது. மனைவி குல்ஜார் பேகம் சக்கரத்தருகே குந்தி டார்ச் பிடித்திருக்கிறாள். மலைக்கோயில் மணி கேட்டு ஓய்கிறது.

"கண்ணுமண்ணு தெரியாம ஓட்டிகினு போனான்னு ஊரே பேசுதுங்க. நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

பாறையில் அடி தட்டாமல் ஓடவேண்டும் என்று அதீப் கேட்டதற்காக, இதே வாசலில் வண்டியை நான்கு அங்குலம் உயர்த்திக் கொடுத்தவர் அவர்தான். அவருடைய விரல்கள் முன்சக்கரத்தின் பிரேக் குழாயைத் தேடிப் பிடிக்கின்றன. உயர்த்திய வண்டிக்கு நீளக் குழாய் போட்டிருக்க வேண்டும். இது அவர் மாற்றாமல் விட்ட பழைய குட்டைக் குழாய். சக்கரம் பள்ளத்தில் இறங்கியபோது இழுபட்டு அறுந்திருக்கிறது. மிதித்த வேகத்தில் பீய்ச்சிய ஆயில் சட்டமெங்கும் புழுதியோடு காய்ந்திருக்கிறது.

"இன்னாங்க, எதனா தெரியுதா?"

"ஆங். புள்ள பிரேக்கை மிதிச்சிருக்கான், குல்ஜார்."

"அப்ப ஏன் நிக்கலை?"

அவர் குழாயைக் கழற்றி, அடியிலிருந்தபடியே அவள் கைக்கு நீட்டுகிறார். முகத்தை வெளியே கொண்டுவரவில்லை.