இன்னும் கொஞ்சம் அழுக்கு

துணி காயப்போடும் சாக்கில் மதிலோரம் நின்று, ஒரே துண்டை மூன்றாம் முறை உதறுகிறேன். பக்கத்து வீட்டு மெக்கானிக்கின் முற்றத்தில் அந்தப் புது மெஷின் கொசுக் கூட்டம் போல ரீங்கரிக்கிறது. தண்ணீரை அதிர வைத்தே அழுக்கை உதிர்த்துவிடுமாம். சின்னதே போதும் என்று கடைக்காரர் சொல்லியும் கேட்காமல், கார்புரேட்டர் முழுசாக முங்கவேண்டும் என்று ஒரு மாதம் அலைந்து, கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல ஒரு தொட்டியை வாங்கி வந்திருக்கிறார் மனிதர். வீட்டில் பேச ஆளில்லை, இதுவாவது சத்தம் போடட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. வேலைக்கென்று வெளியூர் போன மகள், ஓடாமல் கிடக்கும் தன் பைக்கை எடுத்துப்போக இரண்டு வருஷம் கழித்து இன்றுதான் வந்திருக்கிறாள். ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா போட்டுக் கொடுத்த காபி பக்கத்தில் ஆடை கட்டிக் கிடக்கிறது. "அப்பா, இருட்டறதுக்குள்ள நான் கிளம்பணும்." "ஆச்சும்மா, ஆச்சு. அவசரப்பட்டா வண்டி பாதி வழியில காலை வாரிடும்." மெஷின் நிற்கிறது. கலங்கிய வெந்நீரிலிருந்து பெட்ரோல் போகும் பித்தளை ஜெட்டை எடுத்து, ஊதி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். ஊசித் துளை வழியே வந்த வெளிச்சம் அவர் கன்னத்தில் கடுகளவுக்கு விழுகிறது. மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்கும் எனக்கே தெரிகிறது, அடைப்பு துளியும் இல்லை. "இன்னும் கொஞ்சம் அழுக்கு இருக்கும்மா," என்கிறார். மகள் முகத்தைப் பார்க்காமல் ஜெட்டை மறுபடி தண்ணீரில் போட்டு, மெஷினை முப்பது நிமிஷத்துக்குத் திருப்பி வைக்கிறார்.