மலை முதலில்

அவள் சிவப்புக் கொடியைத் தூக்கினாள்.

இழுத்துச் செல்லும் விமானத்தின் எஞ்சின் அடங்கியது. அதன் பின்னால் கயிற்றில் மாட்டியபடி, எஞ்சின் இல்லாத முதல் கிளைடர். அதற்கும் பின்னால் இன்னும் பதினைந்து, கரிசல் காட்டின் பழைய ஓடுதளத்தில் வெயிலில் வரிசையாக.

போட்டியின் கடைசி நாள். நாள்தோறும் பந்தயப் பாதையை வகுப்பவள் அவள்தான்.

காலையில் கொடுத்த தாளில் முதலில் கண்மாய், அடுத்து சிமென்ட் ஆலை, கடைசியில் மலை.

மலைமேல் மேகம் அதற்குள் கறுத்துவிட்டது. மூன்று மணிக்கு அங்கே போகிறவர்கள் மழைக்குள்தான் போவார்கள்.

மலையை முதலில் சுற்றிவிட வேண்டும். அதே மூன்று இடங்கள், தலைகீழாக.

"யாரும் கிளம்பாதீங்க. பாதை மாறுது. புதுத் தாள் தர்றேன்."

முதல் கிளைடரின் கண்ணாடி மூடி திறந்தது. சாம்சன். புள்ளிகளில் முன்னால் நிற்பவன்.

"மேடம், அதே மூணு இடம்தானே? திருப்பிச் சுத்தணும், அவ்வளவுதான். ரேடியோல சொன்னாப் போதாதா? வெயில் இப்பத்தான் நல்லாத் தூக்குது. அரை மணி நேரம் போயிடும்."

"போகட்டும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. தாளை அவன் மடியில் வைத்துவிட்டு நடந்தாள்.

அரை மணி நேரத்தின் விலை அவளுக்குத் தெரியும். எஞ்சின் இல்லாதவர்களுக்குச் சூடான காற்றுதான் எல்லாம்.

ஆனால் ஒருவர் மட்டும் பழைய வரிசையில் பறந்தால் போதும். மற்ற பதினைந்து பேரும் அவருக்கு எதிரே வருவார்கள். ஒரே மேகத்தின் அடியில். ஒரே உயரத்தில்.

பதினாறு பேரிடமும் தாள் போய்ச் சேர்ந்தது. பதினாறு தலைகளும் ஆடின.

தலையாட்டல் அவளுக்குப் போதவில்லை.

வரிசையின் கடைசியிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு கிளைடரிலும் குனிந்து, விமானி பாதையைப் பதிந்துவைக்கும் திரையில் இருந்த மூன்று வரிகளையும் படித்தாள்.

மலை, ஆலை, கண்மாய். சரி.

மலை, ஆலை, கண்மாய். சரி.

பதினான்கு முடிந்தது. யாரோ பின்னால் சலித்துக்கொண்டார்கள். அவள் திரும்பவில்லை.

பதினைந்தாவது தேசிகன். விமானப்படையில் இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவர். அவருடைய திரையைப் பார்க்கக் கேட்பதே மரியாதைக் குறைவு என்று சிலர் நினைத்திருக்கலாம்.

அவள் குனிந்தாள்.

கண்மாய். ஆலை. மலை.

முதல் வரியின் கீழே விரலை வைத்தாள்.

தேசிகன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். திரையைப் பார்த்தார். மடியில் கிடந்த தாளைப் பார்த்தார். மறுபடி திரையை.

"மாத்திட்டேன்னு நெனச்சேன்மா."

"மாத்துங்க சார். நான் நிக்கிறேன்."

அவர் விரல்கள் மெதுவாக எழுத்துகளைத் தேடின. அவள் அவசரப்படுத்தவில்லை. இறக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது வரி மாறும்வரை நின்றாள்.

முன்னால் சாம்சன் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

அவள் அவனிடம் வந்தபோது அவன் அரை மணி நேரத்தைப் பற்றிப் பேசவில்லை.

அவள் குனிவதற்கு முன்பே திரையில் விரலை வைத்து, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல, வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினான்.

"மலை..."