முதுகில் ஒரு வரி

மே மாதமா, ஜூனா என்பது இப்போது நினைவில் குழம்புகிறது. வில்மாரின் உடம்பில் பச்சை குத்தாத இடம் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான் மிச்சமிருந்தது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. இடது காதுக்குப் பின்னால்.

மொந்தெவிதேயோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் அவன். உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை மீனும் கயிறும் கொடியும் பறவையும். ஏன் இப்படி என்பதற்கு ஊரே பதில் வைத்திருந்தது. சிறைக்குப் போய்வந்தவன் என்றார்கள். தீக்காயத்தை மறைக்கிறான் என்றார்கள்.

உண்மை அதைவிடச் சின்னது. பச்சை குத்தும் ஸுல்மாவின் அருகில் உட்கார்ந்திருக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. ஆறு வருடமாக வியாழன்தோறும் வருவான். மனதில் இருப்பதைச் சொல்ல வாயைத் திறப்பான், "முழங்கையில ஒரு மீன் போடலாமா?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்வான்.

இன்றோடு தோல் தீர்ந்தது. அடுத்த வியாழன் என்ன சாக்குச் சொல்லிக்கொண்டு வருவது?

நாற்காலியில் சாய்ந்தான். கடையின் பெயரைக் கதவுக் கண்ணாடியில் உள்பக்கம் நின்றே எழுதியிருந்தாள் ஸுல்மா. தெருவில் போகிறவர்களுக்கு அது நேராகத் தெரியும். அவனுக்கு ஆறு வருடமாக இடம் வலமாகப் புரண்டுதான்.

அவள் நீட்டிய மாதே என்ற மூலிகைத் தேநீர்க் குவளையை உறிஞ்சி முடித்துப் பேசாமல் திருப்பிக் கொடுத்தான். மாதே குடிக்கையில் நன்றி என்று சொன்னால், 'இனி வேண்டாம்' என்று அர்த்தம். அடுத்த குவளை வராது.

"ஆறு வருஷத்துல ஒருநாளாவது நன்றி சொல்லியிருக்கியா நீ? அது வயிறா, தண்ணித் தொட்டியா?"

"நீங்க நல்லா போடுறீங்க."

"சரி, காதுக்குப் பின்னால என்ன குத்தட்டும்?"

"உங்க இஷ்டம்."

"முதுகுக்கும் இதையேதான் சொன்ன."

வில்மார் நாற்காலியில் நிமிர்ந்தான். முதுகைப் பற்றிய பேச்சே வரக்கூடாது என்றுதான் ஐந்து வருடமாக ஜாக்கிரதையாக இருக்கிறான்.

முதுகு முழுக்கக் கடல் வரைந்து, அதன் கீழே கயிறு முறுக்கியதுபோல ஒரு வரி எழுதியிருந்தாள். முடித்ததும் பெரிய கண்ணாடி முன்னால் அவனைத் திருப்பி நிறுத்தி, "பாரு" என்றாள். சட்டையில்லாமல் அவள் பக்கத்தில் நிற்கிற கூச்சத்தில் அவன் தரையைத்தான் பார்த்தான். "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டான்.

அந்த ஞாயிறே கடற்கரையில் மானம் போயிற்று. கூட வேலை செய்யும் எல்பியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"டேய், எழுத்தெல்லாம் திருப்பிப் போட்டிருக்காடா, ஒண்ணும் படிக்க முடியல! எழுத்தைப் பதிக்கிற அச்சுத்தாளை மாத்தி ஒட்டிட்டா. நேத்து தொழிலுக்கு வந்தவன்கூட இப்படிப் பண்ணமாட்டான்!"

அதற்குப்பிறகு வில்மார் யார் எதிரிலும் சட்டையைக் கழற்றவில்லை. தானும் அதைப் பார்க்கவில்லை. அவளுடைய தப்பு அவளுக்கே தெரியாமல் இருக்கட்டும் என்று முதுகிலேயே சுமந்தான்.

மெஷின் நின்றது. காதுக்குப் பின்னால் ஒரு குட்டி நங்கூரம்.

"முடிஞ்சது," என்றாள். கடைசிக் குவளையை நீட்டினாள். அவன் நிதானமாகக் குடித்தான். வெளியே ஒரு பஸ் போய், இன்னொன்றும் போயிற்று.

"நன்றி," என்றான்.

குவளையை வாங்க நீண்ட கை அப்படியே நின்றது.

"அவ்வளவுதானா?"

"இனி இடம் இல்லையே."

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. முதுகுல எழுதினதைப் பத்தி இத்தனை வருஷமா ஏன் வாயே திறக்கல?"

"அது... யாருக்கும் நடக்கறதுதான். கை தவறிடும். நான் யார்கிட்டயும் காட்டல, சத்தியமா."

"என்ன தவறிச்சு?"

"எழுத்து... திரும்பிப் போனது."

ஸுல்மா அவனையே பார்த்தாள். பிறகு அவன் சட்டையைக் கழற்றி, தோளைப் பிடித்துத் திருப்பி, பெரிய கண்ணாடிக்கு முதுகு காட்டி நிறுத்தினாள்.

"இப்பவாவது தரையைப் பாக்காதே. கழுத்தைத் திருப்பு."

திருப்பினான். கண்ணாடிக்குள் எழுத்துகள் ஒன்றுகூடப் புரளாமல் நேராக நின்றன: 'ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு ரவியோலி செய்கிறேன். வீட்டுக்கு வா.'

"ஊருக்கெல்லாமா எழுதினேன்? நீ மட்டும் கண்ணாடியில படிக்கணும்னு எழுதினேன். நீ என்னடான்னா, ரொம்ப நல்லா இருக்குன்னுட்டுப் போயிட்ட!"

எல்பியோவைப் பொறுத்தவரை இன்றைக்கும் அது தப்புத்தான், வில்மார் திருத்துவதில்லை. கிரேனையும் விடவில்லை. ஸுல்மா அதே கடையில் இருக்கிறாள். வியாழக்கிழமைகளில் மட்டும் சீக்கிரம் பூட்டிவிடுகிறாள்.

கண்ணாடியில் அதைப் படித்த வாரத்து ஞாயிறு, ஐந்து வருடம் தாமதமாக, அவன் போய் வாசலில் நின்றபோது கதவைத் திறந்தவள் சொன்னது ஒன்றுதான்.

"ஆறிடுச்சு."